ராங்கியின் முதுகு

எங்கள் பண்ணைக்கு மாப்பிள்ளை லாரியில் வந்து சேர்ந்தார். கூண்டைத் திறந்ததும் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தார். நான்கு ஆண்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். பண்ணையாளர் சங்கத் தலைவர் முன்னால் நின்று ஒரு கிண்ணத்தில் தவிட்டைக் காட்டிக் கெஞ்சினார். நீளமான வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்புக் காதுமாக, போனால் போகிறதென்று இறங்கிவந்தவர் முதல் வேலையாகத் தலைவரின் செருப்பை நனைத்தார். அன்றைக்கே அவருக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். வெயில் ஆகாது, அதனால் தலைக்கு மேல் தண்ணீர் தூவ ஒரு குழாய். வெறும் தரை உறுத்தும், அதனால் மரப்பலகை. ஈ மொய்க்கும், அதனால் மின்விசிறி. என் கல்யாணத்தில் என் கணவருக்குக்கூட இத்தனை உபசாரம் நடக்கவில்லை.

மாப்பிள்ளை ஓர் ஆண் பன்றி. பெரிய உடம்புள்ள வெள்ளை இனம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் வளர்த்தது கருப்புப் பன்றிகள். நோய் நொடி அண்டாது, எதைப் போட்டாலும் தின்னும். ஆனால் குட்டையான உடம்பு, மெதுவான வளர்ச்சி. அறுத்தால் பாதி கொழுப்பு. இறைச்சிக்கூடத்துக்காரர் எங்கள் பன்றிகளைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார். அதனால்தான் சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து வெள்ளை ஆணை வரவழைத்து, கருப்புப் பெட்டைகளோடு சேர்ப்பது என்று முடிவானது. சிமெண்டுத் தரை போட்ட கொட்டகை எங்களிடம் மட்டும் இருந்ததால் மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு மாப்பிள்ளை ஆனார்.

எங்கள் பண்ணை என்றால், பாதி என் கணவருடையது, பாதி அவருடைய அண்ணனுடையது. அவர்கள் அப்பா பொதுவில் விட்டுப்போனது. என் கணவர் தையற்காரர். கடைவீதியில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். சட்டையில் ஒரு நூல் பிசிறு தொங்கினால்கூட வெளியே வரமாட்டார். கொட்டகைப் பக்கம் வரவேண்டியிருந்தால் கைக்குட்டை மூக்கை விட்டு இறங்காது. அதனால் அவர் பாதியை நான் பார்த்துக்கொண்டேன். அவருடைய அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். மற்ற எல்லோருக்கும் அவர் பெரியவர். சங்கத்தில் தலைவருக்கு அடுத்த நாற்காலி அவருடையது. எதிரில் இருப்பவர் பதில் சொல்ல இடைவெளியே விடாமல் பேசுவார். என் கணவரோ பேசவே மாட்டார். எதைச் சொன்னாலும் "பார்த்துக்கலாம்" என்பார். கூரை ஒழுகினால் பார்த்துக்கலாம். அண்ணன் நமக்குச் சேரவேண்டிய தீவனத்தையும் எடுத்துக்கொண்டால் பார்த்துக்கலாம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. இத்தனை வருஷமாக அந்த ஒரு சொல்லோடு எப்படிக் குடித்தனம் நடத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

கருப்புப் பெட்டைகளில் மூத்தவள் ராங்கி. பேருக்கேற்ற குணம். தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்ப்பாள். தாழ்ப்பாளை மூக்கால் தூக்கிவிட்டு வெளியே உலாப் போவாள். பெரியவரைக் கண்டால் மட்டும் காரணமில்லாமல் உறுமுவாள், அதற்காகவே எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஆனால் குட்டி போட்டுவிட்டால் அவளைப் போல ஒரு தாயை நான் பார்த்ததில்லை. பக்கத்துப் பண்ணையில் வாங்கிவந்த வெள்ளைப் பெட்டைகள் தொப்பென்று சாய்ந்து தங்கள் குட்டிகளையே நசுக்கிவிடும். ராங்கி முதலில் ஒரு சத்தம் கொடுப்பாள். குட்டிகள் விலகியதைப் பார்த்து, முன்காலை மடக்கி, சுவரில் முதுகைத் தேய்த்தபடி மெதுவாக இறங்கிப் படுப்பாள்.

மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் பிறந்த குட்டிகளைப் பார்க்கத் தெருவே திரண்டு வந்தது. வெள்ளை உடம்பு, பின்பக்கத்தில் மட்டும் மை தெறித்தாற்போல் இரண்டு மூன்று கருப்புப் புள்ளி. அப்பனைப் போல நீளம், அம்மாவைப் போலக் கெட்டி. வெயிலில் சுருளவில்லை, மழையில் இருமவில்லை. கருப்புக் குட்டி ஒரு வருஷத்தில் எட்டுகிற எடையை அரை வருஷத்தில் எட்டின. அறுத்துப் பார்த்த இறைச்சிக்கூடத்துக்காரர், முதுகில் விரல் தடிமனுக்குத்தான் கொழுப்பு என்று சொல்லி, அடுத்த ஈத்துக் குட்டிகளையும் தனக்கே தரவேண்டும் என்று வீடு தேடி வந்து உட்கார்ந்துகொண்டார். முகத்தைச் சுளித்த அதே மனிதர்தான்.

அந்த ஈத்தில் ஒருவனுக்கு மட்டும் காயடிக்காமல் விடச் சொன்னார் பெரியவர். அவன்தான் துரை. அவனைப் போல ஒரு பன்றியை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை, உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். வளர்ந்து நின்றபோது அவன் முதுகில் ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடலாம் போலிருந்தது. ஆட்கள் வந்து அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். சங்கமே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

வினை அங்கேதான் தொடங்கியது. ஒருநாள் துரை சுவரைத் தாண்டிக் குதித்து, கூடப் பிறந்தவளிடமே போய்விட்டான். வேண்டாத சினை. ஆனாலும் என்னதான் வருகிறது பார்ப்போம் என்று விட்டோம். வந்தவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். ஒன்று பீப்பாய், ஒன்று பென்சில். ஒன்று மூக்கு நீண்ட கரியன், வளரவே இல்லை. ஒன்று அப்பழுக்கில்லாத வெள்ளை, முதல் வெயிலிலேயே சுருண்டு செத்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இல்லை, பேருந்து நிலையத்தில் நிற்கிற கூட்டம் மாதிரி இருந்தது. முதல் கலப்பில் எல்லோருக்கும் அப்பனிடம் பாதி, அம்மாவிடம் பாதி, அதனால் எல்லாம் ஒரே சீராக வந்தது. அந்தக் கலப்பையே மறுபடி கலந்தால் சீட்டுக்கட்டைக் குலுக்கிப் போட்ட கதைதான். யாருக்கு என்ன விழும் என்று சொல்ல முடியாது.

இதைச் சங்கத்தில் இருந்தவர்களும் கண்ணால் பார்த்தார்கள். பார்த்த பிறகும் அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்து நின்று, இனிமேல் எல்லாப் பண்ணைக்கும் துரைதான் ஆண், கருப்புப் பெட்டைகளை மொத்தமாக இறைச்சிக்கு ஏற்றிவிடலாம் என்றார்.

"இனிமே கருப்பு எதுக்கு? அதுகிட்ட இருந்த நல்லதெல்லாம் துரைகிட்ட வந்தாச்சு. தீனி மிச்சம், இடம் மிச்சம்" என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன்.

"சுவர் தாண்டின கதை மறந்துபோச்சா? அந்தக் குட்டிகளை நீங்களும்தானே வந்து பார்த்தீங்க?"

"அது தீனிக் கோளாறும்மா."

"ஒரே தொட்டி, ஒரே தீனி. ஒன்னு பீப்பாயாச்சு, ஒன்னு பென்சிலாச்சு. தீனி என்ன ஆள் பார்த்தா வயித்துக்குள்ள போகும்?"

சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. "நீ உட்காரும்மா" என்றார்.

"உட்கார்றேன் மாமா. சொல்லிட்டு உட்கார்றேன். துரை நல்லா இருக்கான்னா அது அவன் சாமர்த்தியம் இல்ல, அவனைப் பெத்தவங்க சாமர்த்தியம். வெள்ளையும் வேணும், கருப்பும் வேணும். ஒவ்வொரு தடவையும் புதுசா சேர்க்கணும். பெத்தவளை வெட்டித் தின்னுட்டு அப்புறம் யாரைக்கொண்டு சேர்ப்பீங்க?"

"அக்கா பன்னிக்குச் சம்பந்தம் பேசுறாங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். கூட்டமே கொல்லென்று சிரித்தது. கையைத் தூக்கச் சொன்னார் தலைவர். எல்லாக் கையும் ஏறியது. கடைசி வரிசையில் என் கணவர் மட்டும் கையைத் தூக்கவில்லை. எனக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கால்சட்டை மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். அவரை அங்கேயே உரித்துத் தொங்கவிடலாம் போல வந்தது எனக்கு.

மறுவாரம் வண்டி வந்தது. ஒவ்வொரு பண்ணையாகப் போய்க் கருப்புப் பெட்டைகளை ஏற்றிக்கொண்டு கடைசியாக எங்கள் வாசலுக்கு வந்தது. நான் ராங்கியின் கொட்டகைக் கதவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். உள்ளே ராங்கியும், பழைய கருப்பு ஆணுக்குப் பிறந்த அவளுடைய இரண்டு மகள்களும். அந்தப் பக்கத்திலேயே மிச்சமிருந்த கருப்பு இந்த மூன்றும்தான்.

"இறங்கு" என்றார் பெரியவர்.

"மாட்டேன் மாமா. ஏத்தணும்னா என்னையும் சேர்த்து ஏத்துங்க. எடை போட்டே எடுத்துக்கச் சொல்லுங்க, நல்ல எடைதான் இருப்பேன்."

வண்டிக்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவருக்கு முகம் சிவந்தது. நாலு பேர் நடுவில் தம்பி பெண்டாட்டி எதிர்த்துப் பேசுகிறாள், தம்பி கடையில் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறான். கோபத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பந்தயம் வந்துவிட்டது.

"அது கிழடு. இப்ப போட்டதுதான் கடைசி ஈத்து, இனிமே சினை பிடிக்காது. நீதான் வீம்புக்கு வச்சுக்கிட்டு இருக்கே."

"பிடிக்கும்."

"அடுத்த மாசம் வண்டி வர்றதுக்குள்ள பிடிச்சுட்டா, அதையும் அது மகளுங்களையும் நீயே வச்சுக்க. நான் வாயைத் திறக்கமாட்டேன். பிடிக்கலைன்னா மூணும் ஏறும். நீ குறுக்க நிக்கக் கூடாது."

"சரி."

"சங்கத்து ஆம்பளப் பன்னி உனக்குக் கிடையாது. சங்கத்துப் பேச்சைக் கேக்காதவங்களுக்குச் சங்கத்துச் சொத்து எதுக்கு?"

நான்தான் ஏற்கனவே சரி என்று சொல்லிவிட்டேனே. அன்று மத்தியானமே மாப்பிள்ளையும் துரையும் கடைவீதிக்கு அந்தப் பக்கம், எடைமேடைக்குப் பக்கத்தில் சங்கம் புதிதாகக் கட்டியிருந்த கொட்டகைக்குப் போய்விட்டார்கள். மின்விசிறியையும் கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் ஆணி அடித்த துளை மட்டும் எனக்கு.

ஆண் இல்லாமல் சினை எப்படி? கால்நடை மருத்துவரிடம் போனேன். எல்லோரும் அவரை டாக்டரம்மா என்பார்கள். ஸ்கூட்டரில் வருவார், ரப்பர் பூட்ஸைக் கழற்றவே மாட்டார். வெளியூர் இனவிருத்தி நிலையத்திலிருந்து நல்ல வெள்ளை இனத்து விந்து ஒரு பாட்டிலில் வரவழைக்கலாம், மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதுபோலப் பன்றிக்கும் போடலாம் என்றார். ராங்கியின் குட்டிகள் பால்குடி மறந்து ஒருவாரம் ஆகியிருந்தது, எப்போது வேண்டுமானாலும் பருவத்துக்கு வருவாள். நான் காத்திருந்தேன். ஒருநாள் காலை அவள் தீனியைத் தொடாமல் கதவை முட்டிக் கத்தினாள். டாக்டரம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன். அவர் குளிர்ப்பெட்டியோடு வந்து இறங்கினார்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டை தயாராகிவிட்டாளா என்று அறிய அவள் முதுகில் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். தயார் என்றால் காதை விறைத்துக்கொண்டு கல்லாக நிற்பாள். மேலே ஆள் உட்கார்ந்திருப்பதே தெரியாதவள் போல நிற்பாள். அந்த நேரத்தில்தான் குழாயை உள்ளே விட்டுப் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க முடியும். இல்லையென்றால் தள்ளிவிட்டு ஓடுவாள். நான் உட்கார்ந்தேன். ராங்கி என்னைத் தூக்கிச் சேற்றில் போட்டாள். எழுந்து மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை தொட்டியின் விளிம்பில் என் இடுப்பு மோதியது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியவர் வீட்டு ஆட்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள்.

"பருவம் வந்திருக்கு, அதுல சந்தேகம் இல்ல" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஆம்பளை வாசனை இல்லாம இவ நிக்கமாட்டா. சில பெட்டை அப்படித்தான். அந்த வாசனை ஆம்பளையோட வாய் நுரையிலதான் இருக்கு. ஒரு துணியில துடைச்சுக் கொண்டுவந்தாகூடப் போதும்."

"எவ்வளவு நேரம் இருக்கு டாக்டரம்மா?"

"நாளைக்குக் காலைல வரைக்கும். அதுக்குமேல இவ பருவமும் போயிடும், பாட்டிலும் வீணாயிடும். அடுத்த பருவம் வர மூணு வாரமாகும்."

அடுத்த பருவம் வரும்போது வண்டியும் வந்துவிடும். அப்போது சினை பிடித்தாலும் யாரிடம் காட்டுவது?

"சங்கத்துல போய்க் கேளுங்களேன், ஒரு துணிதானே?" என்றார் அவர்.

"அந்த ஆளுகிட்டயா? என் நாக்கு அழுகிப்போனாலும் கேக்கமாட்டேன்."

சொல்லிவிட்டேனே தவிர உள்ளுக்குள் எனக்கு அடித்துக்கொண்டது. போய்க் கேட்டாலும் தரமாட்டார்கள், கேட்டதைச் சொல்லிச் சொல்லி வருஷம் முழுக்கச் சிரிப்பார்கள். சாயங்காலம் என் கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் அத்தனையையும் அவர் தலையில் கொட்டினேன். மாப்பிள்ளை, நுரை, துணி, நாளைக் காலை, என் இடுப்பு, அவருடைய அண்ணன், எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "பார்த்துக்கலாம்" என்றார்.

"என்னத்தப் பார்த்துக்குவீங்க? எதை இதுவரைக்கும் பார்த்திருக்கீங்க? அந்தக் கூட்டத்துல எனக்காக ஒரு வார்த்தை பேசினீங்களா? பொத்தானைத் தவிர உங்களுக்கு வேற என்னதான் தெரியும்?"

அவர் இஸ்திரிப் பெட்டியைச் சூடுபண்ணி, தன்னுடைய வெளிர்நீலச் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தார். அவரே துணி எடுத்து, அவரே வெட்டி, தனக்கென்று ஆசையாகத் தைத்துக்கொண்ட சட்டை அது. காலரைத் தேய்ப்பதற்கே அவ்வளவு நேரம். எனக்கு வெறுத்துப்போனது. திரும்பிப் படுத்துக்கொண்டேன். காலையில் நான் கொட்டகைக்குப் போவதற்கு முன்பே அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

அங்கே நடந்ததை வண்டிக்காரர் பிறகு எனக்குச் சொன்னார். அவர் எடைமேடைக்குப் பக்கத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாராம். தலைவர், பெரியவர், இன்னும் நாலைந்து பேர் நாற்காலி போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்களாம். என் கணவர் நேராக வந்து, கால்சட்டையை முழங்கால்வரை மடித்து, மாப்பிள்ளையின் கொட்டகைக் கதவைத் திறந்தாராம்.

"டேய், எங்கடா போறே?" என்று கேட்டார் பெரியவர்.

"மாப்பிள்ளைய நலம் விசாரிக்க வந்தேண்ணே."

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். உள்ளே போனவர், வாயிலிருந்து கோரைப்பல் நீட்டிக்கொண்டிருக்கும் அத்தனை பெரிய உடம்பின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தால் மாப்பிள்ளை உருகிவிடுவார் என்று நான் எப்போதோ சாப்பாட்டு வேளையில் சொல்லியிருக்கிறேன். கேட்காதவர் போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அதை ஞாபகம் வைத்திருக்கிறார். சொறியச் சொறிய மாப்பிள்ளை தாடையை மென்று நுரையைத் தள்ளினாராம். இரண்டு கையையும், மார்பையும், அந்தக் காலரையும் அதில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு, வெளியே வந்து, கதவைத் தாழிட்டிருக்கிறார். கைக்குட்டையை எடுக்கவே இல்லையாம்.

"அது சங்கத்துச் சொத்துடா!" என்று கத்தியிருக்கிறார் பெரியவர்.

"சொத்து உள்ளதான் நிக்குதுண்ணே. எச்சிலை மட்டும்தான் எடுத்துட்டுப் போறேன்."

கடைவீதி முழுக்க அப்படியே நடந்து வந்திருக்கிறார். அவரிடம் துணி தைக்கக் கொடுக்கும் ஆட்கள் எல்லாம் கடை வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்களாம்.

இங்கே நான் அப்போதுதான் மறுபடி சேற்றில் விழுந்து எழுந்திருந்தேன். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வந்தது நாற்றம். திரும்பிப் பார்த்தால் கொட்டகை வாசலில் என் கணவர். சட்டையெல்லாம் நுரையும் சகதியும், ஒரு பொத்தான் பிய்ந்து தொங்குகிறது. 

"நான் எங்க நிக்கணும்?" என்று கேட்டார்.

ராங்கியின் முகத்துக்கு நேராக அவரைக் குந்தவைத்தோம்.  சட்டைக் கையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். அவள் முகர்ந்தாள். இன்னொரு தடவை இழுத்து முகர்ந்தாள். காது இரண்டும் மேலே ஏறின. நான் மெதுவாக முதுகில் உட்கார்ந்தேன். அசையவில்லை. முழு பாரத்தையும் போட்டேன். அசையவில்லை. டாக்டரம்மா குழாயைச் செலுத்திப் பாட்டிலை உயர்த்தினார். அதை அழுத்தித் தள்ளக் கூடாது, அவளாகத்தான் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பாட்டிலில் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அப்போது வாசலில் பெரியவரின் குரல் கேட்டது. மூச்சிரைக்க ஓடி வந்திருந்தார்.

"வெளியே வாடா. உங்கிட்டப் பேசணும்."

பிறந்ததிலிருந்து அந்தக் குரல் கூப்பிட்டு என் கணவர் போகாமல் இருந்ததில்லை. சாப்பாட்டுக் கையோடு எழுந்து போவார். இன்றைக்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராங்கியின் கண்ணைப் பார்த்தபடியே, "இருங்கண்ணே, வேலையா இருக்கேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பன்றியின் முதுகில் உட்கார்ந்துகொண்டு, சேறும் சகதியுமாக, நான் தேம்பித் தேம்பி அழுதேன். டாக்டரம்மா, "ஆடாதீங்க, பாட்டில் முடியல" என்று என்னை அதட்டினார். பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "வண்டி வரட்டும்" என்று சொல்லிப் போனார்.

அந்தச் சட்டையைத் துவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கொட்டகைச் சுவரில், மின்விசிறி மாட்டியிருந்த ஆணித் துளைக்குப் பக்கத்தில், புது ஆணி அடித்துத் தொங்கவிட்டேன்.

வண்டி வருகிற வாரம் வந்தது. பன்றி வயிற்றைப் பார்த்து அவ்வளவு சீக்கிரம் எதையும் சொல்ல முடியாது. ஒரே அடையாளம்தான். சினை பிடிக்கவில்லையென்றால் அந்த வாரம் மறுபடி பருவத்துக்கு வருவாள், வாசனை காட்டினால் நிற்பாள். பிடித்திருந்தால் எந்த வாசனைக்கும் நிற்கமாட்டாள். எனக்கு எதற்கும் பயந்து பழக்கமில்லை. ஆனால் அந்த வாரம் காலையில் எழுந்து ராங்கியைச் சுற்றிச் சுற்றி வருவேனே தவிர, ஏறி உட்கார்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. நின்றுவிட்டால்? மூன்றும் போய்விடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவரிடம் ஒரு கருப்பு ஆண் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கருப்பு வம்சம் அற்றுப்போகாமல் இருக்க, மகள்களுக்காக அவரிடம் பேசிவைத்திருந்தேன். எல்லாம் ராங்கியின் முதுகில் இருந்தது.

வண்டி வந்து வாசலில் பின்பக்கமாக நின்றது. பலகையை இறக்கினார்கள். தலைவர், பெரியவர், சங்கத்து ஆட்கள், என்னைப் பார்த்துச் சம்பந்தம் பேசுகிறாள் என்று சிரித்தவன் உட்பட, எல்லோரும் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். டாக்டரம்மாவும் வந்திருந்தார்.

"என்ன, பிடிச்சுதா?" என்றார் பெரியவர்.

"உங்க கண்ணாலயே பாருங்க மாமா. உங்களுக்குத் தெரியாத பன்னியா?"

என் கணவர் கடைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். யாரும் சொல்லாமலேயே ஆணியிலிருந்து சட்டையை எடுத்து, நாள்பட்டு விறைத்துப்போயிருந்ததை உதறி, போட்டிருந்த துவைத்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். பொத்தான்களைக் கழுத்துவரை சரியாகப் போட்டார். நாற்றம் குறையவே இல்லை. முதல்நாள் போலவே ராங்கிக்கு எதிரில் போய்க் குந்தினார்.

ராங்கி வந்து முகர்ந்தாள். அப்படியே நின்றாள். அவள் காது லேசாக ஏறியது.

"நிக்குது" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.  போய் அவள் முதுகில் உட்கார்ந்தேன். காலைத் தரையிலிருந்து எடுத்தேன். அவள் முதுகுத்தோல் என் தொடைக்கு அடியில் ஒருமுறை சிலிர்த்தது.

அடுத்த நொடி நான் சேற்றில் கிடந்தேன். என்னைத் தூக்கி எறிந்த வேகத்திலேயே ராங்கி என் கணவரின் சட்டைக் கையைக் கவ்வி இழுத்தாள். தோளிலிருந்து தையல் பிரிந்து கை முழுசாகக் கிழிந்து வந்தது. அதை மிதித்துத் துவைத்துவிட்டு, பெரியவரைப் பார்த்து ஓர் உறுமல் உறுமினாள்.

 பன்றி வளர்க்கிறவர்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நான் மல்லாந்து கிடந்தபடியே சிரித்தேன். முதுகெல்லாம் ஈரம், தலைமுடியில் சாணம், இடுப்பில் பழைய வலி. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் கீழே விழுந்ததில்லை.

"பார்த்தீங்களா மாமா? தள்ளிட்டா!" என்று கத்தினேன். "என்னைத் தள்ளிட்டா! வண்டியைத் திருப்பச் சொல்லுங்க. துரையை வச்சு நீங்க வம்சம் வளர்த்துக்குங்க, நான் வேண்டாங்கல. நாளைக்குக் கருப்பு வேணும்னு யாராவது வந்தா இந்த வாசலுக்குத்தான் வரணும். வரும்போது என் மின்விசிறியைக் கொண்டுவாங்க!"

பெரியவர் தம்பியைப் பார்த்தார். ஒரு கை இல்லாத சட்டையோடு நின்ற தம்பி, கீழே பார்க்காமல் அண்ணனைப் பார்த்தபடியே நின்றார். பெரியவர் சொன்ன சொல் தவறாதவர், அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டிக்காரரைப் பார்த்துக் கையை அசைத்துவிட்டு நடந்தார். பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது.

"சட்டை போச்சே" என்றேன் என் கணவரிடம்.

அவர் கிழிந்த தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "பார்த்துக்கலாம்" என்றார்.

கை கொடுத்தார். நான் எழுந்திருக்கவில்லை. வண்டி வெறுமையாகத் தெருமுனையைத் திரும்பும்வரை சேற்றிலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் ராங்கி தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துவிட்டாள்.